இன்னாசியம்மாள் பேசிய பதினோரு விநாடி

சூசைராஜ் பேசுவதற்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே முப்பத்தோரு வருடம் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பழகிய குரல், அவர் ஓய்வு பெற்ற பிறகும் தான் ஓய்வு பெற மறுத்துவிட்டது. கீரனூருக்கு மேற்கே இருக்கும் அவர் ஊரில் திருவிழாக் கூட்டமானாலும் சரி, குளத்து மீன் ஏலமானாலும் சரி, முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அவருடையவை. நடுவில் மற்றவர்கள் பேசத் தடை ஏதும் கிடையாது. இடம்தான் கிடைக்காது.

மனைவி இன்னாசியம்மாள் அவருக்கு நேர்மாறு என்பது அவருடைய கருத்து. "அவளுக்குப் பேச வராதுங்க" என்பார். குறையாகச் சொன்னதில்லை. ஒரு வண்டிக்கு இரண்டு ஹாரன் எதற்கு என்ற திருப்திதான்.

குளத்துக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வயல். அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த முப்பத்தோரு வருடமும் அதைப் பார்த்தவள் அவள். எந்த மடையை எப்போது திறப்பது, தண்ணீர் யார் வயலுக்கு எந்தக் கிழமை, கரை எங்கே கசியும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவருக்குத் தெரிந்தது, சாப்பிடும்போது காதில் விழுந்த அளவு.

வீட்டில் இருந்தது ஒரே போன். குவைத்திலிருந்து மகள் அன்புமொழி கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார். "அம்மாதானே? நல்லாருக்கா, சாப்பிட்டா, ஒன்னயக் கேட்டதாச் சொல்றா" என்பார். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கார்த்திகா என்றொரு பெண் கேமராவோடு வந்தாள். மழை மாறிப்போனதையும் குளங்கள் நிரம்பாததையும் பற்றிப் படம் எடுக்கிறாளாம். அடுத்த வயல்கார மூக்காயி, "இன்னாசிக்காவப் போயிக் கேளு தாயி" என்று அனுப்பியிருக்கிறாள். வயலிலிருந்து அப்போதுதான் வந்து, கால் சேறு காயாமல் நின்ற இன்னாசியம்மாளைச் சூசைராஜ் ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கோலத்துலயா படத்துல நிப்ப? போயி திருவிழாச் சேலையக் கட்டிட்டு வா."

"இப்படியே இருக்கட்டுங்கய்யா, இதுதான் வேணும்" என்று கார்த்திகா சொல்லிப் பார்த்தாள். படம் எடுப்பவளுக்கு என்ன தெரியும்? இன்னாசியம்மாள் உள்ளே போனாள். அவள் மெரூன் சேலையில் திரும்பி வருவதற்குள் சூசைராஜ் கேமராவுக்கு எதிரே நாற்காலி போட்டு, குளத்தின் வரலாற்றைப் பாதி முடித்திருந்தார். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அதற்கப்புறம் ஏழாவது மாதம், களையெடுத்துவிட்டு வந்தவள் தலை சுற்றுகிறது என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்திருந்த அன்புமொழி, குவைத்துக்குத் திரும்பும் முன்பு ஒன்று கேட்டாள். "அம்மா கொரல் எதுலயாச்சும் இருக்காப்பா?"

தேடினார்கள். மகளின் போனில் நான்கு வருடத்து வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் இருந்தது. எல்லாவற்றிலும் அப்பா. கல்யாணத்தில் எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம் மூன்று, அவை பேசாது. சூசைராஜுக்கு அப்போதுதான் அந்தக் கேமரா ஞாபகம் வந்தது. போன் போட்டார்.

"அம்மா படத்துல இருக்காங்கய்யா" என்றாள் கார்த்திகா. "வேல முடியட்டும், கீரனூர்லயே போட்டுக் காட்டுறேன்."

அவருக்கு அது போதும். "எங்க வீட்டுக்காரி படத்துல பேசுறா" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கீரனூரில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை தியேட்டர் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் செம்மல் என்கிற தாவரவியல் வாத்தியாரும் நண்பர்களும் ஆவணப்படம் போடுகிறார்கள். காடு அழிவது, கடல் ஏறுவது, வெயில் கூடுவது என்று உலகத்தின் கஷ்டம் ஒவ்வொன்றாகத் திரைக்கு வரும். பார்க்க வருபவர்கள் பதினேழு பேர்; அதில் ஐந்து பேர் அமைப்பாளர்கள். நாற்பது தலைக்குக் குறைந்தால் ஏசி கிடையாது என்பது தியேட்டர்காரர் சட்டம். ஆகவே பூமி சூடாவதைப் பற்றிய படங்களை அவர்கள் எப்போதும் வேர்வை வழியப் பார்த்து வந்தார்கள்.

கார்த்திகாவின் படம் போட்ட ஞாயிறு, காலைப் பூசை முடிந்த கையோடு சூசைராஜ் வேன் பிடித்து இருபத்தாறு பேரைக் கொண்டுவந்து இறக்கினார். ஏறும்போது எண்ணினார், இறங்கும்போதும் எண்ணினார். செம்மல் வாத்தியார் கண் கலங்காத குறை. தியேட்டரில் ஏசி ஓடியது.

படம் முப்பத்தெட்டு நிமிடம். தூர்ந்த குளங்கள், வெடித்த மண், மழையளவுக் கணக்கு. பத்தொன்பதாவது நிமிடத்தில் சூசைராஜ் வந்தார். கைகளை விரித்து, ரொம்பத் தெளிவாகப் பேசினார். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒரு மெரூன் சேலையும், படத்தின் ஓரம் வெட்டியதுபோக அரை முகமும் தெரிந்தன.

கலிங்கு எப்போது கடைசியாகப் போனது, அதாவது குளம் நிரம்பி உபரித் தண்ணீர் எப்போது வழிந்தது என்று கார்த்திகாவின் குரல் கேட்டது. சூசைராஜ் ஒரு வருடத்தைச் சொன்னார். அந்த அரை முகம் அசைந்தது.

"இல்லங்க, அந்த வருசம் தண்ணி வந்தது..."

"நீ சும்மா இரு இன்னாசி. நாந்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்ல?"

தியேட்டர் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதைக் கண்ட சிரிப்பு. சேலை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு படத்தை விட்டு விலகிப் போனது. அடுத்த காட்சியில் வேறொரு குளம், வேறொரு மனிதர்.

படம் முடிந்ததும் கேன்டீன் பக்கத்தில் கார்த்திகாவை அவர் மறித்தார்.

"என்ன பாப்பா இப்புடிப் பண்ணிட்ட? அவ பேசினத எதுக்கு வெட்டுன? என்னய வெட்ட வேண்டியதுதான?"

"நான் எதையும் வெட்டலங்கய்யா."

"அப்ப மிச்சம் எங்க?"

கார்த்திகா தரையைப் பார்த்தாள். "மிச்சம் இல்லங்கய்யா. அன்னைக்கி ஒன்ற மணி நேரம் எடுத்தேன். மூணு தடவ மைக்க அவங்க பக்கம் திருப்புனேன். மூணு தடவையும் நீங்கதான் பதில் சொன்னீங்க. அவங்க பேசினது மொத்தமே அவ்வளவுதான். பதினோரு விநாடி, அதுலயும் பாதி உங்க கொரல். உங்களத் தப்பாக் காட்டுது, எடுத்துடுன்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. அவங்க இறந்துட்டாங்கன்னு நீங்க போன்ல சொன்னதுக்கப்புறம் எனக்கு மனசு வரல."

"என் கொரல மட்டும் அழிச்சிட்டு அன்புவுக்கு அனுப்ப முடியாதா?"

"ஒரே மைக்குங்கய்யா. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு."

உள்ளே கலந்துரையாடல் தொடங்கியிருந்தது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் ஆள் கலைந்துவிடும். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. ஏசியும் ஒரு காரணம். காவ்யா என்கிற கல்லூரிப் பெண் எழுந்து, "அந்த ஐயா இங்க வந்திருக்காங்களா? அவங்ககிட்ட ஒரு கேள்வி" என்றாள். "அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்க?"

செம்மல் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பெருமையோடு கொடுத்தார், பாவம். சூசைராஜ் மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார். ஊர்க்காரர்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எப்படியும் அரைமணி ஆகும்.

"தெரியலம்மா" என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அந்த வருசம் கலிங்கு போனப்ப நான் ஊர்ல இல்ல. டூட்டியில இருந்தேன். படத்துல சொன்னது குத்துமதிப்பு. பாத்தவ அவதான். அவளுக்குப் பேச வராது. அதான் நான்..."

"யாருக்கு?" என்றாள் மூக்காயி. மூன்றாவது வரிசையிலிருந்து. மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. "யாருக்குண்ணே பேச வராது? இன்னாசிக்காவுக்கா?"

பெண்கள் வரிசை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"நடவுல ஒரு பக்கம் அது வாயத் தொறந்துச்சுன்னா எங்களுக்கு இடுப்பு வலியே தெரியாது. ஒங்கள மாதிரி 'உள்ள போங்க உள்ள போங்க'ன்னு சொல்லிக் காட்டும் பாருங்க, சேத்துல விழுந்து சிரிப்போம். நீங்க வரப்புல தல காட்டுனா கப்புன்னு அடங்கிரும். நல்லாக் கேட்டீங்க போங்க, பேச வராதாம்!"

சிலர் சிரித்தார்கள். மூக்காயி சிரிக்கவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். வேனில் வந்த இருபத்தாறு பேரில் பெண்கள் அத்தனை பேரும் அவள் குரலைக் கேட்டிருக்கிறார்கள். அவள் அவரைப் போலப் பேசிக் காட்டுவாள் என்பது ஊருக்கே தெரியும். பேசாத பெண்டாட்டி என்ற ஒருத்தி அவருக்கு மட்டும்தான் இருந்திருக்கிறாள்.

"கலிங்கு போன கதைய ஒங்கிட்டச் சொல்லியிருக்காளா?" என்று கேட்டார்.

"நூறு தடவ. ஆனா அன்னைக்கி கேமராவுல அதுல எதச் சொல்ல வந்துச்சோ, எனக்கென்ன தெரியும்? அது ஒவ்வொரு தடவையும் வேற மாதிரியில்ல சொல்லும்."

சூசைராஜ் தலையை ஆட்டினார். மைக்கைச் செம்மலிடம் நீட்டினார். பிறகு, யாரும் இதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்டார்.

விளக்கு அணைந்தது. மேலே ஆபரேட்டர் தேடித் தேடி அந்த இடத்துக்கு வந்தார். நாற்காலி, விரித்த கைகள், ஓரத்தில் மெரூன் சேலை. கார்த்திகாவின் கேள்வி. சூசைராஜ் வருடத்தைச் சொன்னார். இந்தத் தடவை அரங்கத்தில் இருமல்கூட இல்லை.

அரை முகம் அசைந்தது.

"இல்லங்க, அந்த வருசம் தண்ணி வந்தது..."

அவள் குரல் கொஞ்சம் கட்டையானது என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திரையில் இருக்கும் அந்த மனிதன் அவள் பேச்சின் மேல் வாய் திறப்பதற்கு, ஒரு மூச்சளவு நேரமே இருந்தது. அவன் இந்தத் தடவையாவது பேசாமல் இருந்துவிடுவான் என்று நினைப்பவர்போல அவனையே பார்த்தார்.

அவன் வாயைத் திறந்தான்.