ஃப்ரீசரில் வைத்த பென்ஷன்

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் ஆசிரியை பிர்தே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்பார்: "கணக்கிலயா, கறுப்பிலயா?"

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். பலகை துடைத்ததற்கும் நாற்காலி அடுக்கியதற்கும் கூலி, ஆளுக்கு ஒரு துண்டு பிரன்ஸ்வீயர். மேலே வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருகிக் குழியில் தேங்கும் கேக். 'கணக்கில்' என்றால் முதலில் ஒரு விரல் அகலம் பென்ஷன் டப்பாவுக்கு. முதலாளி பங்கென்று பிர்தே தானும் இரண்டு விரல் சேர்ப்பார். மீதியில் மூன்றிலொரு பங்கு வரி. உண்டியல் போல மூடியில் பிளவு வெட்டிய அந்த டப்பா எங்கள் ஆசிரியர் அறை ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும். ஜூனில், பள்ளி முடியும் நாளில்தான் திறப்பு. 'கறுப்பில்' என்றால் முழுத் துண்டும் அப்போதே கைக்கு.

வில்லாஸ் எப்போதும் கறுப்புதான். நிஜத்திலும் அவன் துறைமுகத்தில் படகு கழுவி, காசை நேராகக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்பவன்.

"வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சா யாருடா குடுப்பா?"

"நான் விழ மாட்டேன் பிர்தே. அதான் என் இன்சூரன்ஸ்," என்பான், வாய் நிறையச் சர்க்கரையோடு.

கோடை விடுமுறைக்கு வகுப்பில் ஆறு பேரை அவன் கறுப்பில் படகு கழுவப் பேசிவைத்திருந்தான். அவர்களைத் தடுக்க பிர்தேயிடம் இருந்தது அந்த டப்பா ஒன்றுதான்.

பாலத்தில் பஸ் ஏறும்போது, "இதுல ஒரு திருகாணி என் வரிப்பணம்," என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்பவர் அவர். என் கணவர் ஹென்னிங்கை மருத்துவமனையில் பார்க்க வந்தபோது கட்டிலின் சக்கரத்தைத் தட்டி, "இதுவும் நான் வாங்கிக் குடுத்ததுதான், பத்திரமா வெச்சுக்கோ," என்றார். அந்த வாரம் ஹென்னிங் சிரித்தது அப்போது மட்டும்தான்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் பிர்தே டப்பாவைத் திறந்தார். துகள்தான் இருந்தது.

"பேர் எழுதலயே பிர்தே," என்றார் பள்ளியின் பராமரிப்பு வேலைக்காரர் பிரேபன். "இந்த ரூம்ல பேர் போடாத கேக்னா எல்லாருக்கும்தானே? குளிர்காலம் பூரா காபியோட நல்லா இருந்துச்சு."

ஆசிரியர் அறையில் அதுதான் சட்டம், யாரும் மீறியதில்லை.

பிர்தே குரலை உயர்த்தவில்லை. "இங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தர் வயித்துலயும் பிள்ளைங்களோட பென்ஷன் இருக்கு. நாளைக்குக் காலையில எனக்கு வேணும்."

தலைமையாசிரியர் மெல்லுவதை நிறுத்தினார்.

மறுநாள் மேசை நிறைய பிரன்ஸ்வீயர். கருகியது, ஒரு பக்கம் சாய்ந்தது, நடுவில் வேகாதது. வேகாதது தலைமையாசிரியருடையது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிர்தே பென்ஷன் துண்டுகளை அளந்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஓரத்தை வெட்டத் தொடங்கினார்.

"பென்ஷனுக்கும் வரியா?" சில்யே அலறினாள்.

"போடுறப்ப விட்டேன்ல? எடுக்கிறப்ப விட மாட்டேன்."

"நான்தான் சொன்னேன்ல!" என்று வில்லாஸ் துள்ளினான். அந்த ஆறு பேரில் ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. தட்டு நிறைந்திருந்தது, வாயும். "படகு நீயே கழுவு," என்றது ஒரு வாய்.

வில்லாஸ் காலித் தட்டை நீட்டினான். "அப்ப எனக்கு?"

"உனக்கும் உண்டுடா. அரசாங்கப் பென்ஷன். உன்னை மாதிரி ஆளுக்கும் குடுத்துத்தான் ஆகணும்." வரியாகச் சேர்ந்த ஓரங்களை முன்னால் இழுத்து, காகிதம் போல ஒரு துண்டுக்குக் கத்தியை வைத்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பிர்தே அவன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டு ஒரு நூல் பெரிதாகும்படி கத்தியை நகர்த்தி, அழுத்தினார்.