ஓடிக்கொண்டிருந்தேன், பஸ் நின்றது

ஐம்பத்தேழு வயதில் ஓட்டக் குழுவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஐந்து கிலோமீட்டரை ஒரு தடவைகூட நிற்காமல் முடித்ததில்லை.

இன்று காலை மாட்டுத்தாவணி பக்கம் நான்கு கிலோமீட்டர் வரை நிற்காமல் வந்துவிட்டேன். வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால்.

அப்போது என்னைத் தாண்டிப் போன டவுன் பஸ் ஓரங்கட்டி நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“மெதுவா வாங்கக்கா. உங்களுக்காகத்தான் நிப்பாட்டிருக்கோம்.”

“நான் ஏறல தம்பி. சும்மா ஓடுறேன்.”

“சும்மா எதுக்குக்கா ஓடுறீங்க? அதான் நிப்பாட்டிட்டோம்ல, ஏறுங்க.”

ஓடிக்கொண்டே விளக்கிச் சொல்ல மூச்சு இல்லை. நின்றேன். நின்ற பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் “வா தாயி” என்று கை நீட்டினார். இனி என்ன என்று பிடித்து ஏறிவிட்டேன்.

வழியில் எங்கள் குழுவினரை ஒவ்வொருவராகத் தாண்டினோம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓட்டம் முடிகிற இடத்தில் இறங்கி நின்றேன். கடைசியில் எங்கள் குழுக் கேப்டன் வந்து சேர்ந்தார். எனக்கு மகன் வயது. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் அம்புட்டு சந்தோஷம்.

“இன்னைக்கு நிக்காம வந்துட்டீங்களாக்கா?”

“எங்க தம்பி, ரெண்டு ஸ்டாப்புல நின்னுதான் வந்துச்சு.”

அவருக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை. இந்தப் பதிவை அவர் படிப்பதற்குள் நான் என்ன சொல்லலாம், யோசனை இருந்தால் எழுதுங்கள்.