கடைசியாகப் போனது எங்கே

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், 'கணக்கெடுப்பு' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். எதைக் கணக்கெடுக்கிறாய் என்று விடாமல் தோண்டுகிறவர்களுக்கு மட்டும்தான் உண்மையைச் சொல்வது. வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா, இருந்தால் யார் யார் போகிறார்கள், போகாதவர்கள் கடைசியாகப் போனது எங்கே. கிராமம் கிராமமாக இதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பட்டம் வாங்கியபோது எங்கப்பா கண்ட கனவில் இது இருந்திருக்காது.

என் வீட்டுக்காரர் கொத்தனார். சுற்றுவட்டாரத்துக் கக்கூஸ்களில் பாதி அவர் கட்டியவைதான். அவர் கட்டுகிறார், நான் போய் எட்டிப் பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஊர் வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. நான்தான் கோபித்துக்கொள்வேன், அதுவும் அவரிடம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பால்காரம்மா வீட்டுக்குப் போனேன். "எல்லாரும் உள்ளதான் போறோம், வேற எங்க போவோம்?" என்றார். எழுதிக்கொண்டேன். கக்கூஸையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. கதவைத் திறந்தால், பீங்கான் மேல் வைக்கோல் பரப்பி, ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அது அசையக்கூட இல்லை. பால்காரம்மா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. போதாததற்கு, என் கணக்கு முழுக்க 'எல்லோரும் உள்ளே' என்றே வருகிறது என்று சூப்பர்வைசர் வேறு முறைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அட விடுங்கக்கா. எங்க வீட்லயும்தான் கட்டி வச்சிருக்கு. நான் அதுல போறதே இல்ல. காத்தாட வெளிய போனாதான் எனக்குச் சரியா வரும்."

சுத்தப் பொய். ஈரப்புல்லில் கால் வைக்கவே யோசிக்கிறவள் நான். ஆனால் அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. உட்காரப் பலகை எடுத்துப் போட்டார். மாமியார் ஓடைப் பக்கம், புருஷன் மேட்டுக்கு அந்தப் பக்கம், மகன் பள்ளிக்கூடத்தோடு சரி, தான் மட்டும் இருட்டிவிட்டால் உள்ளே, அதுவும் கோழி இல்லாத நாளில். எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பொய்தான் எனக்குச் சோறு போட்டது. போகிற வீட்டிலெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அதற்குக் கை கால் முளைத்தது. கொசுக்கடி சேர்ந்தது, திடீரென்று மேலே அடித்த லாரி வெளிச்சம் சேர்ந்தது, ஒரு பாம்புகூட வந்து போனது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தங்கள் கதையைச் சொன்னார்கள். சூப்பர்வைசர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, "இவங்ககிட்டதான் ஜனங்க உண்மையப் பேசறாங்க" என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார். நானும் கூச்சநாச்சமில்லாமல் நின்றேன்.

எனக்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது. தரை காய்ந்திருக்கிறதா, மூலையில் ஒட்டடையா, குவளைக்கு அடியில் தூசியா, கதவு வரைக்கும் புல் முளைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்தக் குடும்பத்தின் வண்டவாளத்தையே சொல்லிவிடுவேன் என்று நினைப்பு. எங்கள் தெருவும் என் கணக்கில்தான் வந்தது. எங்கள் வீட்டுப் பதிலை அடுப்படியில் உட்கார்ந்தே எழுதினேன். நான், அவர், மகள், மூன்று பேரும் உள்ளே. இதில் யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது? அவரோ தினமும் விடியற்காலையில் ஒரு பழைய எண்ணெய் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, "நேத்துக் கட்டின சுவத்துக்குத் தண்ணி விடணும்" என்று கிளம்பிவிடுவார். மழை பெய்தாலும் குடையோடு போவார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதுக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் கக்கூஸ் கட்டும் வேலைக்கு அவரைப் பேசி முடித்தார்கள். அவ்வளவு பெரிய வேலை அவருக்கு அதுவரை வந்ததில்லை. மகளைக் கல்லூரியில் சேர்ப்பதே அதை நம்பித்தான். வேலை தொடங்க வேண்டிய அன்று சாயங்காலம் என் நாத்தனார் வந்து வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, நீங்க வெளியதான் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? பால்காரம்மா பால் ஊத்தற இடமெல்லாம் இதே பேச்சுதான். கட்டறவன் பொண்டாட்டியே அதுல போகமாட்டாளாம், நமக்கு எதுக்குன்னு அந்தக் குடியிருப்புல வேலைய வேண்டாம்னுட்டாங்களாம். அண்ணன் இன்னும் அங்கதான் நிக்கறாரு."

அவள் போனதும் ஒத்திகை பார்த்தேன். அவர் கத்தினால் அழுதுவிடுவது, கத்தாவிட்டால் நானே முதலில் கத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் வந்தார். கத்தவில்லை. கலவை பூசுகிற கரணையை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வேல போச்சுன்னு தெரியுங்க. நாளைக்கே நான் போய்ப் பேசறேன்" என்றேன்.

"வேல கிடக்கட்டும். நீ நிஜமாவே வெளியதான் போறியா?"

"அது வந்து..."

"அப்ப நான் யாருக்காக இத்தன வருஷமா மழையில குடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டு வரேன்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். எங்கள் கக்கூஸைக் கட்டிய காலத்தில் கையில் காசில்லை, தோண்டும்போது அடியில் பாறையும் வந்துவிட்டது. குழி நினைத்த ஆழம் போகவில்லை. மூன்று பேரும் போனால் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று அவருக்குப் பயம்.

"நிரம்பிட்டா நீயும் பொண்ணும் எங்க போவீங்க? நான் ஆம்பள, எங்கயும் போவேன். உங்க ரெண்டு பேருக்கு ஆகட்டும்னு விட்டுட்டேன்."

எண்ணெய் கேன் கரணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதில் பிடிக்கிற தண்ணீரில் சுவர் என்ன, சேர்ந்தாற்போல் நாலு செங்கல்கூட நனையாது. கொத்தனார் பொண்டாட்டிக்கு, அதுவும் ஊரான் வீட்டுக் குவளைத் தூசியைப் பார்த்தே பேர் வாங்கியவளுக்கு, அது கண்ணில் படவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த அழுகை இல்லை அது.

"நான் உள்ளதாங்க போறேன். ஒரு நாள்கூட வெளிய போனதில்ல. மத்தவங்க வாயப் புடுங்கறதுக்காகச் சும்மா சொன்னது."

"ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்ற. எங்கிட்ட ஒண்ணு சொல்ற. எங்கிட்ட எதப் புடுங்கறதுக்காக இது?"

நியாயமான கேள்வி. கையைப் பிடித்து அவரைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஈரத் தரையைக் காட்டினேன். "பொண்ணு போயிருப்பா" என்றார். தேய்ந்த சோப்பைக் காட்டினேன். "அதுவும் அவதான்." என் வித்தை எதுவும் செல்லுபடியாகவில்லை.

"அப்ப குழியத் திறந்து பாருங்க. ஒருத்தர் போனதா, ரெண்டு பேர் போனதான்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கடப்பாறையால் மூடியை நெம்பித் தள்ளினார். நீளக் கம்பி ஒன்றை உள்ளே இறக்கி, மேலே எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். சாயங்கால வெளிச்சத்தில் புருஷனும் பொண்டாட்டியும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்க்கிற அழகான காட்சிகளில் இதைச் சேர்க்க முடியாது.

"ரெண்டு பேர் போனதுதான்" என்றார். கம்பியை இன்னொரு தரம் இறக்கிப் பார்த்தார். "பாதிகூட வரலியே."

"தண்ணிய மண்ணு இழுத்துக்கும். மிச்சம் மக்கி அடங்கிடும். லேசுல நிரம்பாதுங்க."

"எனக்கு யாரு சொன்னா? கட்டி முடிச்சா கிளம்பிடறேன். நிரம்பறத எங்க பாத்தேன்?"

வீடு வீடாக இதைத்தான் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்ட வீடு என் வீடு ஒன்றுதான்.

மறுநாள் இருவருமாக அந்தக் குடியிருப்புக்குப் போனோம். நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை, பாம்புக் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். பிறகு அவர் தன் கதையைச் சொன்னார், எண்ணெய் கேன் உட்பட. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க பழைய வீட்லயும் குழி நிரம்பிடும்னுதான் நான் போறதில்ல" என்றார். இன்னொருவரும் ஆமாம் என்றார். குழியைக் கொஞ்சம் அகலமாகத் தோண்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலை திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் கணக்கைத் திருத்தினேன். இரண்டு பேர் உள்ளே, ஒருவர் வெளியே. இந்த வேலையில் நான் எழுதிய பதில்களிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத இவ்வளவு காலம் பிடித்தது இதற்குத்தான்.

அதுவும் ஒரு ராத்திரிக்குத்தான் செல்லுபடியானது. காலையில் அவசரமாகக் கொல்லைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் மகள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எண்ணெய் கேன் சுவரோரம் காலியாகக் கிடந்தது. கதவைத் தட்டினேன்.

"ஆள் இருக்கு" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.