சனிக்கிழமை மத்தியான ஆட்டம்

எங்கள் வேனில் வருகிறவர்களுக்குக் காலண்டர் தேவைப்பட்டதில்லை. கால்பந்து அட்டவணை இருந்தால் போதும். பல் பிடுங்குவதாக இருந்தாலும் வீடு மாறுவதாக இருந்தாலும், எங்கள் அணிக்கு ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வோம். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் இடி அக்கா.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்துத் தோள்கள் இறுகிக் கிடக்கும். அந்தத் தோளில் டிரம்மை மாட்டிக்கொண்டு வெளியூர் கேலரியில் நின்று அவர் அடித்தால், எதிரணி கோல்கீப்பர் கையிலிருந்து பந்து நழுவும். வேன் ஓட்டுவது நான். அக்காவின் மகள் என் பின்சீட்டில்தான் பால் குடித்தாள், பாடம் படித்தாள், வாந்தியும் எடுத்தாள். அப்பன் ஒருவன் இருந்தான், ஒருநாள் கிளம்பிப் போனவன்தான். அவன் எங்கே என்று யாராவது கேட்டால், “ஆஃப்சைடு” என்பார் அக்கா, ஆட்டக் கணக்கிலேயே சேராத இடத்தில் நிற்கிறான் என்பதுபோல. அதற்குமேல் பேச்சு இருக்காது.

மகளுக்குக் கல்யாணம் முடிவானபோதும் அட்டவணையைத்தான் விரித்தோம். கடைசி ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம், தொலைதூர ஊரில். ஜெயித்தால் முதல் பிரிவில் தங்கலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, திங்கட்கிழமை ஏறிவிடுவார். “சனிக்கிழமை ஜெயிச்சுட்டு வரோம், ஞாயித்துக்கிழமை கல்யாணத்தை முடிக்கிறோம்,” என்றார் அக்கா. மண்டபம் பிடித்தாயிற்று. வேனில் வரும் எல்லோருக்கும் டிக்கெட் வாங்கியாயிற்று. டிக்கெட்டா அது, பகல் கொள்ளை! ஒரு டிக்கெட்டே அக்காவின் வாரச் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிட்டது. அந்த விலைக்குக் கிடைத்த இடமோ தூணுக்குப் பின்னால்.

அப்புறம்தான் அறிவிப்பு வந்தது. ஆட்டம் ஞாயிறு பகலுக்கு மாறிவிட்டதாம். டிவிக்காரனுக்கு அந்த நேரம்தான் தோதாம். எங்கேயோ எவனோ உண்ட களைப்பில் சோபாவில் சாய்கிற நேரத்துக்கு நாங்கள் கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்!

டிக்கெட் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நிதானமாகச் சொன்னாள்: “ஆட்டம் ரத்தாகலையே சார். நாள்தானே மாறியிருக்கு? பணம் திரும்பத் தரமாட்டாங்க.”

ரயிலை மறுநாள் விட்டுவிட்டு, ‘ரத்தாகலையே’ என்று சொன்னால் சும்மா விடுவோமா? கால்பந்து ரசிகன் என்றால் மட்டும் இளிச்சவாயன். கத்த வேண்டியதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கத்தினேன். பாவம், அவளா மாற்றினாள்?

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா டிரம்மின் வாரைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். மகள்தான் வெடித்தாள்.

“நீ போயிடுவம்மா. எனக்குத் தெரியும். மண்டபத்துல அம்மா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஆஃப்சைடுன்னு சொல்லவா?”

அக்கா டிரம்மைத் தள்ளிவைத்தார்.

“நான் எங்கயும் போகலடி,” என்றார். “நீதான் முதல்ல.”

“வண்டியும் போகாதுக்கா,” என்றேன். இடி இல்லாமல் நாங்கள் மட்டும் போய் என்ன செய்வது?

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டுக் கூடத்து டிவியில் ஆட்டம் ஓடியது. எங்கள் கேலரியைக் காட்டினான். பாதிக்கு மேல் காலி. எங்களைப்போல எத்தனை வேன் நின்றுபோனதோ! வர்ணனையாளர் உச்சுக்கொட்டினார்: “இவ்வளவு முக்கியமான ஆட்டம். வெளியூர் ரசிகர்களுக்கு ஆர்வமே இல்லை போலிருக்கிறது.”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்! நான் தட்டைத் தூக்கி எறியப் போனேன். அதற்குள் கல்யாணப் பெண் வெளியே ஓடி, என் வேனிலிருந்து டிரம்மைத் தூக்கிவந்து அம்மாவின் தோளில் மாட்டினாள்.

“அடிம்மா. அவன் பேசுறது கேக்கக்கூடாது.”

அக்கா அடித்தார். மண்டபத்து ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆட்டம் முடியும்வரை அந்த வர்ணனையாளர் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு கோலில் தோற்றோம். கீழே இறங்கிவிட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா டிரம்மைக் கழற்றிவைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“விடு தம்பி. ஒருவகையில நல்லதுதான்.”

“இதுல என்னக்கா நல்லது?”

“கீழ்ப்பிரிவு ஆட்டத்தை எந்த டிவிக்காரன் சீண்டப்போறான்? இனிமே எல்லாம் சனிக்கிழமை மத்தியானந்தான். எவனும் மாத்தமாட்டான்.”

சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார். எங்கள் அணி தோற்றதை நான் பொறுத்துக்கொள்வேன். அது ஆட்டம். ஆனால் அந்தத் தோல்வியில் இடி அக்காவுக்கே ஒரு நிம்மதி வரும்படி செய்தார்களே, நாளை மாற்றிய அந்தப் பாவிகளை மன்னிக்கவே மாட்டேன்.