குடைத்துணிக் காத்தாடி

என் வீட்டுக்காரர் துறைமுகத்தை ஒட்டின ஒரு யார்டில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுபவர். ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு லீவு நாளில், பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் ஏற்றிக் கொடுக்கப் போனார். தகரம் நழுவி அவருடைய வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்துவிட்டது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நேர் கீழே. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல் மடங்குவது முதலில் வரும், உணர்ச்சி கடைசியில் வரும், வராமலும் போகலாம் என்று சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் இந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

கிரேனில் வலது கைதான் பெட்டியைத் தூக்குவதும் இறக்குவதும். பெட்டி இறங்கும் இடத்தில் கீழே ஆட்கள் நிற்பார்கள். விரல் ஒரு நூல் கூடுதலாக அழுந்தினாலும் பெட்டியின் வேகம் மாறிவிடும் என்று அவரே எத்தனையோ முறை என்னிடம் பீற்றிக்கொண்டிருக்கிறார். அதனால் திரும்ப மேலே ஏற ஒரு பரிசோதனை வைத்தார்கள். கண்ணை மூடச் சொல்லி டாக்டர் ஒவ்வொரு விரலாக ஊசியால் தொடுவார். தொட்டதும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கிரேன். இல்லாவிட்டால் கீழே ஏதாவது வேலை. ‘கீழே வேலை’ என்பதை அவர் கெட்ட வார்த்தை மாதிரிதான் சொல்வார்.

பரிசோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டில் ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. நான் காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி ஏழு மணிக்கு நான் திருவொற்றியூர் வீடு வந்து சேர்ந்து, முகம் கழுவினதும் அவர் என் கையில் ஊக்கைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் குத்துவேன். “ஆங்” என்பார். இன்னொரு விரலில் குத்துவேன். “ஆங்.” எந்த விரல் என்று கேட்டால் அதையும் சொல்வார். சில நாள் அது தப்பும். “டாக்டரு எந்த வெரலுன்னுலாம் கேக்க மாட்டாரு,” என்று மழுப்புவார். நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதமும் “ஆங்” மட்டும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பரிசோதனை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காத்தாடி விடுகிற நாள்.

யார்டு ஆட்களுக்கு இது வருஷா வருஷம் கோடையில் நடக்கிற கூத்து. கிழிந்த குடைகளை வருஷம் முழுக்கச் சேர்த்து, துணியைப் பிரித்து, தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுப்போட்டு, மூங்கில் கட்டி ஒரு ராட்சசக் காத்தாடி செய்வார்கள். இந்த வருஷம் எட்டடி உயரம். கறுப்புத் துணி, நடுவில் எந்தப் பெண்பிள்ளையின் குடையோ, ஒரே ஒரு பூப்போட்ட துண்டு. மாஞ்சா எல்லாம் கிடையாது. அது கழுத்தை அறுக்கிற சங்கதி, தடையும் இருக்கிறது. இதற்கு எங்கள் கடை நைலான் கயிறுதான், பேனா ரீஃபில் கனத்தில். நானே வெட்டிக் கொடுத்தேன். அந்தக் கயிறு அறாது. மனுஷன்தான் அறுவான் என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

நாலரை மணிக்கு மணலுக்குப் போனோம். தெற்குக் காற்று, கொஞ்சம் கரைப்பக்கமாகச் சாய்ந்து அடித்தது. எங்கள் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றால் இடது பக்கம் கொஞ்சம் மணல், அதற்கப்புறம் அலை தின்னாமல் இருக்கக் கொட்டின பாறை, பாறைக்கு மேலே டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற எக்ஸ்பிரஸ் ரோடு, ரோட்டின் மேலே கரன்ட் கம்பி. காத்தாடி மணலுக்கு மேலே, ரோட்டைப் பார்த்துச் சாய்ந்தபடி நின்றது. கயிற்றைக் கைவிட்டால் அது அந்த ரோட்டின் மேலே போய் விழும், பின்னாலேயே இருநூறு அடிக் கயிறும் பைக் ஓட்டுகிறவர்களின் கழுத்து உயரத்தில் இழுபட்டுப் போகும். ஆகவே விட முடியாது. புலி வாலைப் பிடித்த கதைதான்.

கயிற்றைப் பிடித்தவர் என் வீட்டுக்காரர். அவருடைய கூட்டாளி தோல் கையுறையை நீட்டினார். இந்தக் கூட்டாளி கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுபவர். பன்னிரண்டு வருஷமாக மேலே இவர், கீழே அவர்.

“கையில கிளவுஸ் மாட்டிக்கினா கைக்கு இன்னா தெரியும்?” என்று இவர் தள்ளிவிட்டார்.

“நாளிக்கு டாக்டராண்ட போவணும். இன்னிக்கு இன்னாத்துக்குய்யா ஒனக்கு இந்த வேண்டாத வேல?” என்றேன்.

“இந்தக் கை இத்த புடிச்சிச்சின்னு வெச்சிக்க, நாளிக்கு கிரேனு இன்னா, கப்பலையே புடிக்கும். நீ சும்மா குந்துமே.”

குந்தினேன். ஐந்து மணிக்குக் காற்று ஏறியது. குடைத்துணி படபடவென்று அடித்துக்கொண்ட சத்தம் ரோட்டின் ஹாரனையும் மீறிக் கேட்டது. அவர் கால் மணலில் கோடு கிழித்துக்கொண்டு நகர்ந்தது. வழுக்காமல் இருக்கக் கயிற்றை வலது கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். கயிற்று வியாபாரத்தில் இருக்கிறவள் நான், எனக்குத் தெரியும். இழுக்கிற கயிற்றைக் கையில் சுற்றுகிறவனுக்கு விரல் சொந்தமில்லை.

“சுத்தாதய்யா! எறக்குங்க அத்த!” என்று கத்தினேன்.

இறக்குவதற்கு ஆள் வந்தார்கள். அதுதான் விபரீதம். கொஞ்ச தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த குப்பத்து ஆட்கள் நாலு பேர், நல்ல மனுஷர்கள், ஓடிவந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கயிறு கரைவலைக் கயிறு. கரைவலையில் உதவிக்கு வருகிறவன் கயிற்றின் வால்பக்கம் பிடித்து, ஒரே தாளத்தில் பின்னால் நடந்து இழுக்க வேண்டும். விட்டுக் கொடுத்தால் மீன் போய்விடும். இவர்களும் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் போய் வாலைப் பிடித்தார்கள், தாளம் போட்டுப் பின்னால் நடந்தார்கள்.

காத்தாடி வலை இல்லை. பின்னால் இழுத்தால் அதற்கு இன்னும் காற்றுதான் கிடைக்கும். விறுவிறுவென்று மேலே ஏறி, முன்னைவிட இரண்டு பங்கு இழுத்தது. முன்னால் காத்தாடி, பின்னால் நாலு பேர், நடுவில் மூன்று சுற்றுக்குள் என் வீட்டுக்காரரின் கை.

“வுடாத தலீவா! வந்துகினே கீது!” என்றான் அவர்களில் ஒருவன்.

“இழுங்கடா, சோக்கா கீது!” என்று இவரும் சிரித்துக்கொண்டே கத்தினார்.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சுண்டு விரலும் மோதிர விரலும் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தன. தையல் போட்ட இடத்தில் கயிறு புதைந்து ரத்தம் கசிந்தது. அவர் அண்ணாந்து காத்தாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததெல்லாம் வந்தது. அதில் பாதியை இங்கே எழுத முடியாது. “கஸ்மாலம், இழுக்காதீங்கடா! கை போய்க்கினு கீது, கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?” என்று கத்திக்கொண்டே இரண்டு கை மணலை அள்ளி அந்த நாலு பேர் மேலேயும் வீசினேன். தாளம் நின்றது.

இந்த இடத்தில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ராயபுரத்தில் மூன்று அண்ணன்களோடு வளர்ந்தவள் நான். மொட்டை மாடியில் அவர்கள் காத்தாடி விடுவார்கள், நூல் சுற்றின லொட்டாய் பிடிப்பது என் வேலை. என்னிடம் ஒரு நாளும் காத்தாடியைத் தரவில்லை, கடன்காரன்கள். ஆனால் லொட்டாய் பிடிக்கிறவளுக்குத்தான் முழுசாகத் தெரியும். பெரிய பாணா காத்தாடி இழுத்தால் அதை இழுத்து இறக்கக் கூடாது. நாம் அதனிடம் நடந்து போக வேண்டும். ஒரு முனையைக் கட்டிவிட்டு, கயிற்றைக் கீழே அமுக்கிக்கொண்டே அதை நோக்கிப் போனால் தானாகக் கீழே வரும்.

அதைத்தான் செய்யச் சொன்னேன். தண்ணீர் ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகில் கயிற்றின் வாலைத் தொய்வில்லாமல் கட்டச் சொன்னேன். குப்பத்து ஆட்கள் ஒரு நொடியில் கட்டினார்கள், முடிச்சில் அவர்களை அடிக்க ஆள் கிடையாது. கூட்டாளி இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரருக்கு முன்னால் போனார். அவரும் இன்னொருவனும் கயிற்றை அக்குளுக்குள் கொடுத்துத் தொங்கி அமுக்கினார்கள். இவர் கைப்பக்கம் கயிறு தளர்ந்தது. மூன்று சுற்றையும் நான்தான் பிரித்தேன். கயிறு சதையோடு ஒட்டிக்கொண்டுதான் பிரிந்து வந்தது.

“எக்கா, இப்ப இன்னா?” என்றான் குப்பத்துக்காரன், இன்னும் மணலைத் துப்பிக்கொண்டு.

“அதாண்டப் போங்க. நடங்க. ஓடாதீங்க.”

நடந்தார்கள். ஒருவர் அமுக்கினதும் அடுத்தவர் அவருக்கு முன்னால் போய் அமுக்கினார். கயிறு அங்குலம் அங்குலமாக மணலுக்கு வந்தது. காத்தாடி ஒரு முறை பக்கவாட்டில் சாய்ந்து பாறைப்பக்கம் பாய்ந்தது. அவர்கள் அசையாமல் நின்றதும் அதுவும் அடங்கியது. பாறைக்கு நாற்பது அடி இருக்கும்போது தலைக்கு மேல் வந்துவிட்டது. கூட்டாளி எம்பி அதன் மூங்கில் கழுத்தைப் பிடித்துக் குப்புறக் கவிழ்த்தார். எல்லோரும் மணலை அள்ளி அதன் மேல் போட்டோம். ஒரு பயல் கழுத்தும் அறுபடவில்லை. ரோட்டில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குப்பத்து ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். மணல் வீசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். “அத்த வுடுக்கா, எங்க வூட்டாண்ட இத்தவிட ஜாஸ்தி கெடைக்கும்,” என்றான் ஒருவன்.

என் வீட்டுக்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒன்னியும் ஆவலமே. பாத்தியா, இன்னா ஸ்ட்ராங்கு!” என்றார். கூட்டாளி அவர் தோளைத் தட்டி, “நாளிக்கு மேல ஏறு மாமு. நீ இல்லாம எனுக்குக் கீழ பேஜாராக் கீது. அந்தப் புதுப்பையன் பொட்டிய எறக்கசொல்ல என் தல மேலயே எறக்குவான் போல,” என்றார். இவர் சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஊக்கின் நுனி பட்டாலே “ஆங்” என்கிற விரல், தையலுக்குள் கயிறு இறங்கும்போது ஏன் ஒன்றும் சொல்லவில்லை? கதவு இடுக்கில் நகம் பட்டாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன் இவர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. இந்த வீட்டில் எந்தப் பூனை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது, அவரா நானா என்றுதான் தெரியவில்லை.

காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினேன், விரல் நுனிகளை மட்டும் வெளியே விட்டு. வழக்கம்போல அவர் ஊக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் சுண்டு விரலில் எப்போதும்போலக் குத்தினேன். “ஆங்,” என்றார். குத்தக் கை நீட்டும்போது என் வலது கையில் ஆறு கண்ணாடி வளையலும் சலங் என்றன. ஒரு மாதமாக அவை ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. நான்தான் கேட்கவில்லை.

நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து என் கை வெறுமையாக இருந்ததில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சத்தம் வராமல் முந்தானையில் வைத்தேன். அந்த ஆறு வளையலைக் கழற்ற எனக்குக் காத்தாடி இறக்கின நேரத்தைவிட அதிக நேரம் ஆனதாகத் தோன்றியது. பயமாக இருந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

அதே சுண்டு விரலில் ஊக்கை வைத்து அழுத்தினேன். அவர் முகம் அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

“குத்துமே,” என்றார் கண்ணை மூடியபடியே. “இன்னாத்துக்கு லேட் பண்ணிக்கினு கீற?”

நான் ஊக்கை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்தார். விரலில் நிற்கிற ஊக்கைப் பார்த்தார். என் வெறுங்கையைப் பார்த்தார். அப்புறம் முந்தானையில் கிடந்த வளையல்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொட்டிக்குக் கீழ நிக்கிறது என் கூட்டாளிதான, மே,” என்றார். “டாக்டராண்ட நானே சொல்லிக்கிறேன். நீ மொதல்ல வளையல மாட்டிக்க.”