சிவப்பு சிவப்பாகவே இருக்கட்டும்

கோபம் வந்தால் கிருஷ்ணவேணிக்குக் குரல் உயராது, தணியும். அவள் மெதுவாகப் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கணவன் மணிமாறன் இதைக் கல்யாணமான முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டான். அவள் வேலை பார்த்த இடத்தில் கற்றுக்கொள்ள ஏழு வருடம் ஆயிற்று.

பிறந்தது 1983இல், வல்லத்தை அடுத்த ஒரு கிராமத்தில். அப்பா பச்சமுத்துவுக்கு ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை. 1993இல் கிணறு வற்றியதும் குடும்பம் திண்டிவனத்துக்கு வந்தது. அவர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். கிருஷ்ணவேணி அங்கேயே படித்துக் கணினி அறிவியலில் பட்டம் வாங்கி, 2006 ஜூலை மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, விழுப்புரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தாள். கல்லூரிகளுக்காக இணையத்தில் மாணவர் விண்ணப்பங்களை வாங்கிக் கொடுக்கும் நிறுவனம். அவளுக்கு டேட்டா என்ட்ரி வேலை.

விண்ணப்பங்கள் பெருகியபோது நான்கு சர்வர் வைத்தார்கள். வருகிற கூட்டத்தை நான்குக்கும் பிரித்து அனுப்ப லோடு பேலன்சர் என்ற கருவியும் வந்தது. அதைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஓர் ஆள் வருவார். கறுப்புத் திரையில் எதையோ தட்டுவார். யாராவது பக்கத்தில் வந்தால் தோளால் திரையை மறைத்துக்கொள்வார். 2011இல் அந்தக் கருவிக்கு ஒரு வலைப்பக்கம் வந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத் திறந்தால் நான்கு சர்வரும் வரிசையாகத் தெரியும். எதற்கு எத்தனை பங்கு கூட்டம், எதை நிறுத்துவது, எதைச் சேர்ப்பது எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். நலமாக இருக்கிற சர்வருக்கு எதிரில் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு. கிருஷ்ணவேணி அதன் உதவிப் பக்கங்கள் இருநூற்றுப் பன்னிரண்டையும் அச்செடுத்து, பஸ்ஸில் போகவரப் படித்தாள். நான்காவது மாதம் சென்னைக்காரர் வருவது நின்றது. பக்கம் அவள் பொறுப்புக்கு வந்தது.

2013 ஜூன் 13, வியாழக்கிழமை. விண்ணப்பிக்க மறுநாள் மாலை ஐந்து மணி கடைசி. மதியம் இரண்டு மணிக்கு மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து பாஞ்சாலி என்ற மாணவி போன் செய்தாள்.

"அக்கா, பதிவாயிடுச்சின்னு நம்பர் குடுத்துச்சி. திரும்பப் பார்த்தா என் பேரே இல்லக்கா. மறுபடியும் பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்குப் போவணுமா?"

கிருஷ்ணவேணி பக்கத்தைத் திறந்தாள். நான்கும் பச்சை. ஒவ்வொரு சர்வரையும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்கும்படி பழைய ஆள் அமைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது சர்வரும் "இருக்கிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் டிஸ்க் பழுதாகி, வாங்கிய எதையும் சேமிக்கவில்லை. அவள் கேள்வியை மாற்றினாள்: ஒரு சின்னக் கோப்பை எழுதி, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், மூன்று முறை தவறினால் வெளியே. 2.10க்கு மாற்றத்தை அமலாக்கினாள். கால் நிமிடத்தில் மூன்றாவது சர்வர் சிவந்தது. அதற்கப்புறம் எந்த விண்ணப்பமும் அதற்குப் போகவில்லை.

1.45 முதல் 2.10 வரை தொலைந்தவை அறுபத்தொரு விண்ணப்பங்கள். கைபேசி எண்கள் மட்டும் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட கோட்டக்குப்பம் ஹமீதும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அழைத்து மறுபடி அனுப்பச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு மேலாளர் மாசிலாமணி ஹாலுக்குள் வந்தார். சுவரில் இருந்த பெரிய டிவியில் அந்த வலைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா டிவியில செவப்பு? முதலாளி மூணு காலேஜ் தாளாளருங்கள கூட்டிக்கினு வர்றாரு."

"டிஸ்க் போயிடுச்சி சார். புதுசு நாளைக்குத்தான் வரும். மீதி மூணு தாங்கும்."

"நேத்து பச்சையாத்தானே இருந்துச்சி?"

"இருந்துச்சி சார். எதையும் எழுதாமலே பச்சையா இருந்துச்சி."

"அப்ப மிஷின் மேல தப்பு இல்ல. உன் கேள்விதான் கஷ்டமா கீது. பழைய கேள்வியையே போடு. ஜல்தி, விக்கிரவாண்டி வந்துட்டாங்களாம்."

"குங்குமம்னு சொல்லிடுங்க சார்" என்றார் ஹமீத், கையில் இருந்த கேபிளைச் சுருட்டியபடி. "மங்களகரமா இருக்கும்."

"நீங்க கம்முனு இருங்க பாய்."

"பழைய கேள்வியைப் போட்டா நாலுல ஒரு புள்ளையோட விண்ணப்பம் காத்துல போயிடும் சார்" என்றாள் கிருஷ்ணவேணி. குரல் தணிந்துவிட்டது.

"அரை மணி நேரம்தானம்மா. டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அப்பறம் மாத்திக்க. போனவங்களுக்கு நேத்து மாதிரி போன் பண்ணிக்கலாம்."

"நேத்து இருபத்தஞ்சு நிமிஷத்துல அறுபத்தோரு பேரு. இன்னிக்குக் கடைசி நாளு, கூட்டம் மூணு மடங்கு. அஞ்சு மணிக்கு மேல போன் பண்ணி என்னன்னு சொல்றது? நீங்க சொல்றீங்களா சார்?"

மாசிலாமணி ஹமீத் பக்கம் திரும்பினார். "பாய், நீங்க மாத்துங்க."

"எனக்குக் கேபிள் இழுக்கத்தான் சார் தெரியும். துபாய்ல பதினோரு வருசம் அதைத்தான் இழுத்தேன்." அந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் எங்கே இருக்கிறதென்று ஹமீதுக்கு நன்றாகத் தெரியும்.

11.05க்கு முதலாளி நடராசன் விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு சொன்ன பேச்சு கேக்கல சார்" என்றார் மாசிலாமணி.

"பச்சையாக்கும்மா" என்றார் முதலாளி, சிரித்த முகத்தை மாற்றாமல்.

"மாட்டேன் சார்."

அவள் விருந்தாளிகளைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க வர்ற வழியில டோல்கேட் பார்த்திருப்பீங்க. ஒரு கவுன்ட்டர் கெட்டுப்போனா சிவப்பு விளக்கு போட்டு வண்டியை அடுத்த வரிசைக்கு விடுவாங்க. விளக்கை மட்டும் பச்சையாக்கினா கவுன்ட்டர் ஓடுமா? இந்த விண்ணப்பமெல்லாம் உங்க காலேஜுக்கு வர்றதுதான் சார்."

ஒரு தாளாளர், "மீதி மூணு தாங்குமா?" என்று கேட்டார்.

"மூணும் இப்போதைக்கு அதுங்க தாங்கறதுல அறுபது சதவீதம் வேலைதான் செய்யுது. தாங்கும்."

அவர்கள் டீ குடிக்க அடுத்த அறைக்குப் போனதும் நடராசன் திரும்பி வந்தார். சிரிப்பு போயிருந்தது.

"நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"எழுதிக் குடுங்க சார். காரணத்தையும் எழுதுங்க. கெட்டுப்போன சர்வரை நல்லதுன்னு காட்டச் சொன்னேன், காட்டலன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. போயிடறேன். இப்ப அஞ்சு மணி வரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் திரையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடியபோது அன்றைய விண்ணப்பங்கள் 14,318. பதினாலாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டும் சேமிப்பில் இருந்தன. அவள் எண்ணிப் பார்த்தாள். முந்தின நாள் தொலைந்த அறுபத்தொருவரும் மறுபடி விண்ணப்பித்திருந்தார்கள். கடைசி ஆள் வந்தது 3.32க்கு. பாஞ்சாலி வியாழக்கிழமையே வந்துவிட்டிருந்தாள்.

ஆறு மணி வரை காத்திருந்தாள். கடிதம் வரவில்லை.

"நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்று வீட்டில் மணிமாறன் கேட்டான்.

"எப்பவும் போல ஏழு நாப்பது பஸ்ஸு" என்றாள்.

சனிக்கிழமை காலை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். பக்கம் திறந்தது. 11.20க்கு ஹமீத் புது டிஸ்க்கைப் பொருத்தினார். மூன்றாவது சர்வர் எழுதியது, படித்துக் காட்டியது, பச்சையானது. பதிவைச் சரிபார்க்க வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் முதல் ஒரு மணி நேரம் அதற்கு அனுப்பிப் பார்த்து, பிறகுதான் முழுப்பங்கு கொடுத்தாள். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. நேரே மாசிலாமணியின் மேசைக்குப் போனாள்.

"லெட்டர் ரெடியா சார்?"

"முதலாளி ஊர்ல இல்லம்மா."

22ஆம் தேதி சனிக்கிழமையும் போய்க் கேட்டாள். 29ஆம் தேதியும் கேட்டாள். மூன்றாவது தடவை மாசிலாமணி பேனாவைக் கீழே போட்டார்.

"ஏம்மா இப்படிப் பேஜாரு பண்ணிக்கினு கீற? யாரு உன்னைப் போகச் சொன்னா? போய் வேலையைப் பாரும்மா."

"அப்ப அதையும் எழுதிக் குடுங்க சார்" என்றாள் கிருஷ்ணவேணி.