தங்கை சொன்ன வழி

பெரியவளுக்குத் தங்கை மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்பவள் அவள்தான். ஆனால் அந்தத் தங்கையை வேறு யாராவது புகழ்ந்தால் அவளுக்குப் பொறுக்காது.

இணையச் சேவை தரும் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் எஞ்சினியர் அவள். சின்னவள் எதிர்த்தெருவில் இருந்த இன்னொரு கம்பெனியில் சேர்ந்து, மளமளவென்று மேலே போய், நெட்வொர்க் பிரிவுக்கே தலைவியாகிவிட்டாள். பெரியவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். நாற்காலியை மட்டும் ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்கள்.

தகவலுக்கு வழிகாட்டும் பெட்டிதான் ரூட்டர். இரண்டு கம்பெனிகளின் ரூட்டர்களையும் ஒரு கேபிள் இணைத்தது. 'இன்ன முகவரிக்குப் போக வேண்டுமா, என் வழியாக வா' என்று அவை ஓயாமல் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும். எந்த வழியைப் பக்கத்து ரூட்டருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, அது சொல்வதில் எதை ஏற்கலாம், எதற்கு முதலிடம் என்பதை மனிதர்கள்தான் விதியாக எழுதிவைக்க வேண்டும். அதுதான் ரூட்டிங் பாலிசி. இந்தப் பக்கம் எழுதியவள் பெரியவள். அந்தப் பக்கம் எழுதியவள் சின்னவள்.

ஒரு நாள் காலையில் மேனேஜர் வந்தார். "உங்க தங்கச்சி அவங்க பாலிசியை அனுப்பியிருக்காங்க, பாத்தீங்களா? படிச்சா அப்படியே புரியுது. நம்மளோடதையும் அந்த மாதிரி கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்களேன்."

"பண்ணிடறேன் சார்."

முகத்தில் சிரிப்பு மாறவில்லை. உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. குறை கண்டுபிடிக்கவென்றே தங்கை எழுதியதை வரிவரியாகப் படித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சல்.

சுத்தம் பண்ண உட்கார்ந்தவள் ஒரு வரியை மாற்றினாள். தங்கையின் ரூட்டர் சொல்லும் வழிகளை ஏற்றுக்கொள், ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில் வை. கேபிள் அறுபடவில்லை, விளக்குகள் பச்சையாகவே எரிந்தன. எதிர்த்தெருவுக்குப் போக வேண்டிய தகவலெல்லாம் வேறொரு கம்பெனி வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. இந்த ரூட்டராவது தங்கை பேச்சை முதலில் கேட்காது என்று நினைத்தபோது பெரியவளுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

மதியத்துக்குள், பெரியவளின் கம்பெனியில் இணைப்பு வாங்கியிருந்த ஸ்கேன் சென்டர்க்காரர் போன் செய்தார். அவர் படங்களை அனுப்பும் ஆஸ்பத்திரிக்கு இணைப்பு தருவது சின்னவளின் கம்பெனி. "மேடம், படம் நகரவே மாட்டேங்குது. டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

வரியைப் பழையபடி மாற்றிவிட்டு நிமிர்ந்தால், அடுத்த போன் தங்கையிடமிருந்து.

"அக்கா, உங்ககிட்டருந்து எங்களுக்கு நேரா எதுவுமே வரலையே, எல்லாம் சுத்தி வந்துச்சு. ஏதாவது மாத்தினியா?"

"ஒரு வரி மாத்தினேன். இப்ப சரி பண்ணிட்டேன்."

"சரி விடு. எங்க பக்கத்துல பிரச்சினைன்னு உங்க மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். உனக்கு எதுக்கு வீண் பேச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதிலும் இவளே பெரிய மனுஷியாகிவிடுவாளா?

"வேணாம். நானே சொல்லிக்கறேன்" என்று போனை வைத்தவள், நேராக மேனேஜர் அறைக்குப் போய், தான்தான் மாற்றியது என்று சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இனிமேல் அந்த இணைப்பில் யார் எதை மாற்றினாலும் இரண்டு கம்பெனியும் பார்த்துச் சம்மதித்த பிறகே என்று ஏற்பாடு செய்தார். பெரியவள் எழுதுவது தங்கையின் பார்வைக்குப் போகும். தங்கை எழுதுவது இவளிடம் வரும்.

தங்கையிடம் ஒப்புதல் கேட்டு நிற்பது முள்ளாகக் குத்தியது. ஆனால் தங்கை அனுப்புவதை பெரியவளைப் போல் உன்னிப்பாகப் படிக்க அந்த ஊரில் ஆளில்லை. சில மாதம் கழித்து ஒரு தவறு அகப்பட்டது. மற்ற கம்பெனிகளிடம் தெரிந்துகொண்ட வழிகளையும் சின்னவளின் ரூட்டர் இந்தப் பக்கம் சொல்லிவிடாமல் தடுக்கும் ஒரு விதி விட்டுப்போயிருந்தது. அப்படியே போயிருந்தால் சம்பந்தமில்லாத தகவலெல்லாம் சின்னவளின் கம்பெனியில் வந்து குவிந்து எல்லாம் திணறியிருக்கும்.

பெரியவள் அதை இரண்டு முறை படித்து ருசித்தாள். பிறகுதான் போனை எடுத்தாள்.

"ஐயோ, ஆமாக்கா" என்றாள் சின்னவள். "நல்லவேளை, நீ பாத்தே. உன்னை விட்டா இது யார் கண்ணுலயும் பட்டிருக்காது."

அன்று பெரியவள் வீட்டுக்கு நடந்தே போனாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் தானாகவே நின்று பேசினாள்.